வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு

ஜூலை 3, வியாழன்

முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய செருப்புதான். இடது செருப்பின் வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தது. மதுரையிலிருந்து ஆராய்ச்சி மேடம் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று ஊசி போடும் நர்ஸ் சொன்னதிலிருந்து எனக்குப் பயமாகவே இருந்தது. ஊக்கைப் பார்த்ததும் கொஞ்சம் தெளிந்தேன். இருந்தாலும் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பெயர் ஷைனி. சொந்த ஊர் கொல்லமாம். தமிழை இழுத்து இழுத்துப் பேசுகிறார். அப்பா ஒரு தறியைத்தான் நிறுத்தினார். மற்றது ஓடிக்கொண்டே இருந்தது. பேண்டேஜ் துணியை நாளைக்குள் கட்டி அனுப்ப வேண்டும். அதனால் எல்லாரும் கத்திப் பேச வேண்டியதாயிற்று.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. தொண்டைப்புண் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வெகு சிலருக்கு மட்டும் அது மூட்டுக்கு இறங்கி, பிறகு இதயத்தின் வால்வைக் கெடுக்கிறது. எனக்கு ஆனது போல. ஏன் சிலருக்கு மட்டும் என்பது சரியாகத் தெரியவில்லை. அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுக்களில் ஏதோ சின்ன வித்தியாசம் இருக்கலாம். அப்படிச் சந்தேகம் உள்ள சில மரபணுக்களை மட்டும் ரத்தத்திலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள்.

அப்பா கையெழுத்துப் போட வேண்டிய தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் ‘வேட்பாளர் மரபணு’ என்று அச்சாகியிருந்தது.

"என்ன மேடம், எலக்சன் வேலையா? எங்க முதலாளிக்குத் தெரிஞ்சா வைவாரு."

"அய்யோ, அல்ல சார். யாரோ அப்படி மொழிபெயர்த்து வச்சிருக்காங்க. சந்தேக லிஸ்ட்ல நிக்கிற மரபணுன்னு அர்த்தம்."

"எத்தன பேரு நிக்காக?" என்று கேட்டாள் அம்மா.

"இப்போ ஒம்பது."

"யாரு செயிச்சா எம்புள்ளைக்கு நல்லது?"

மேடம் சிரித்துவிட்டார். "முக்காவாசிப் பேருக்கு டெபாசிட்டே போயிரும்மா. யாரு ஜெயிச்சாலும் இவளுக்கு உடனே ஒண்ணும் மாறாது. பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு உதவும்."

அம்மா சரி என்று தலையாட்டினாள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் அவள் அப்படித்தான் ஆட்டுவாள்.

பிறகு மேடம் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். என் வட்டத்தை மட்டும் உள்ளே கறுப்பாக நிரப்பினார். நோய் உள்ளவர்களுக்கு அப்படியாம்.

"இவளுக்கு மூத்தது யாரும் உண்டா சார்?"

அப்பா ஓடுகிற தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தி. அவளத் தலைமுழுகியாச்சு."

மேடத்தின் பேனா நின்றது. "எந்த வயசுல?"

"பத்தொம்பது."

"என்ன காரணம்? நெஞ்சு சம்பந்தமா ஏதும்?"

"நெஞ்சுலதான். ஒரே அடி."

"சாரி சார்," என்றார் மேடம். அம்மாவின் கையைத் தொட்டு இன்னொரு முறையும் சொன்னார். என் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. மேல் வரிசையில், செத்துப்போன தாத்தாவின் சதுரத்திலும் அதே கோடு இருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பாள். அவள் எழுந்து போய், நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றும் மிஷினைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஊசி நாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின். இடுப்பில் கல் வைத்துக் கட்டியதுபோல் வலி. வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தார் சுற்றினேன். இரண்டு தரம் நூல் அறுந்தது.

ஜூலை 6, ஞாயிறு

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது எனக்கும் ஜோதி அக்காவுக்கும் ஒரே வாரத்தில் தொண்டைப்புண் வந்தது. அம்மா ஒரு சட்டியில் உப்புத் தண்ணீர் காய்ச்சி வைப்பாள். இரண்டு பேரும் சாக்கடை ஓரம் நின்று, யார் அதிக நேரம் கொப்பளிப்பது என்று போட்டி போடுவோம். அக்கா கொப்பளித்துக்கொண்டே சினிமாப் பாட்டு மெட்டுப் போடுவாள். என்ன பாட்டு என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். சிரித்துச் சிரித்து நான் தண்ணீரை விழுங்கிவிடுவேன்.

அவளுக்கு நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. எனக்கும் சரியானது போலத்தான் இருந்தது. பிறகு முழங்கால் வீங்கியது, அப்புறம் கணுக்கால், அப்புறம் மற்ற முழங்கால். அதன்பிறகுதான் நெஞ்சு என்று தெரிந்தது. ஒரே சட்டித் தண்ணீர். அவள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் மாவட்டம் வரைக்கும் போனாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. எனக்கு அந்த மாடி பிடிக்கவில்லை.

அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தறிகளைப் பழுது பார்க்க வரும் ரூபன் அண்ணனோடு போனாள். அவர்கள் வேறு ஆட்கள், தேவாலயத்துத் தெரு. அன்று சாயங்காலம் அப்பா கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நிஜமாகவே ஊற்றிக்கொண்டார். எங்கள் தெருவில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். செய்து அன்றுதான் பார்த்தேன். குடம் குடமாக. அம்மா துண்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் பெயர் கிடையாது. ‘ஜோதி’ என்று ஒரு தீப்பெட்டி கடையில் விற்கிறது. அம்மா அதையும் ‘அந்தச் செவப்புப் பெட்டி’ என்றுதான் கேட்பாள்.

ஜூலை 11, வெள்ளி

மூன்றாவது தலையணை தைத்தேன். உள்ளே கழிவுத் துணி. மல்லாந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. புழுக்கம்தான் காரணம்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மாவின் போன் அடித்தது. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் நான் எடுத்தேன். ஷைனி மேடம்.

"முனீஸ்வரிதானே? டாக்டர்கிட்ட உங்க குடும்பப் படத்தைக் காட்டினேன். மூத்த பொண்ணு அப்படிப் பெட்டென்னு, திடீர்னு போனதால உனக்கு எக்கோ தள்ளிப்போட வேண்டாம்னு சொல்றாரு. வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வரணும், கேட்டோ?"

அக்கா சாகவில்லை மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தறிச் சத்தம் அதிகமாக இருந்தது.

"சரிங்க மேடம்," என்றேன்.

போனை வைத்தபிறகு ஞாபகம் வந்தது, தறி இரண்டும் அப்போது ஓடவில்லை. அப்பா புதுப் பாவு நூலைத் தறியில் பூட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரி. நெஞ்சில் தடவிய பசை ஐஸ் மாதிரி இருந்தது. திரையில் என் வால்வைக் காட்டினார்கள். தறியில் நாடா போய் வருகிற மாதிரி அதுவும் போய் வந்தது. ஆனால் முழுதாகத் திறக்கவில்லை, சுருக்குப் பையின் வாய் போல இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் பேசினார். இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய் வழியாகச் சின்ன பலூனை அனுப்பி வால்வை விரிக்க வேண்டும். இங்கே அந்த வசதி இல்லை, மதுரையில் செய்வார்கள். ஆகஸ்ட் பன்னிரண்டு. ஆபரேஷன் மாதிரி அறுப்பதில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பயப்படவில்லை.

"மூத்த பொண்ணுக்கும் இதே மாதிரி படி ஏறினா மூச்சு வாங்குச்சா? சாகறதுக்கு முன்னாடி மயக்கம் ஏதும் போட்டு விழுந்துச்சா?"

அப்பா டாக்டரைப் பார்த்தார். பிறகு டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்தத் தாளை அப்பா அன்று தலைகீழாகத்தான் பார்த்திருந்தார். இன்று நேராக இருந்தது. தாத்தாவின் கோடும் அக்காவின் கோடும்.

"கேக்கறது புரியுதாய்யா?"

"அவ நல்லா ஓடுவா," என்றார் அப்பா.

"ஓடுவாளா?"

"நல்லா ஓடுவா. மூச்சே வாங்காது."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின் சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தறியைப் போட்டார். பாவில் இழை அறுந்தது. முடிச்சுப் போடாமல் அப்படியே ஓட்டினார். துணியில் நீளமாக ஒரு சந்து விழுந்துகொண்டே போனது. நான் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் கரண்ட் போயிற்று. தெரு முழுக்கத் தறிகள் நின்றதும் காது ‘கொய்’ என்றது. எங்கள் வீட்டில் ரகசியம் பேசுகிறவர்கள் தறி ஓடும்போதுதான் பேச வேண்டும். அம்மாவுக்கு அது மறந்துவிட்டது.

"பேப்பர்ல கொன்னுட்டு வந்திருக்கீக. போயி உசுரு குடுத்துட்டு வாங்க."

"நான் அப்படிச் சொல்லல. தலைமுழுகியாச்சுன்னுதான் சொன்னேன். ஊரு ஒலகத்துல எல்லாரும் சொல்றதுதான."

"அந்தப் புள்ள மலையாளத்துப் புள்ள. அதுக்கென்ன தெரியும்? நெஞ்சான்னு கேட்டுச்சு, நெஞ்சுலதான்னீக."

"நெஞ்சுலதான அடிச்சா."

மேலே ஓட்டில் அணில் ஓடியது.

"டாக்டரு கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"உசுரோட இருக்கான்னு சொன்னா, எங்க இருக்கான்னு கேப்பாக. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுமா?"

அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். கேஸ் கம்பெனியிலிருந்து அம்மாவுக்கு அடிக்கடி போன் வரும், அப்பா முதலாளியிடம் துணி போடப் போயிருக்கும் நேரத்தில் மட்டும். அம்மா அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவாள். எங்கள் சிலிண்டர் ஒன்று மூன்று மாதத்துக்கு வரும்.

ஒரு தரமாவது என் கையில் போனைக் கொடுப்பாள் என்று நானும் குளியலறை வாசலில் துணி உலர்த்துவது போல நின்று பார்த்திருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

ஊசி நாள். இன்று நான் பேசினேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அம்மா மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றாள். ஷைனி மேடம் ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிர்ந்து, "இரி," என்றார். ஊசி போட்ட பக்கம் உட்கார முடியாது. நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா சாகல மேடம்."

"எந்தா?"

"எங்க அக்கா. சாகல."

"பின்ன அப்பா தலைமுழுகியாச்சுன்னு சொன்னாரே? எங்க ஊர்ல ஆள் மரிச்சாத்தான் போய் முழுகுவாங்க."

"இங்கயும் அப்படித்தான். ஆனா உசுரோட இருக்கவகளுக்கும் முழுகுவாக. உறவு வேண்டாம்னா."

மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். விரல் இடுக்கு வழியாகப் பேசினார். "நான் உன் அம்மாகிட்ட சாரி வேற சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"அம்மா சொல்ல மாட்டா."

"அப்போ அக்காவுக்கு நெஞ்சில ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துலதான் தொண்டை வலிச்சது. அவளுக்குச் சரியாயிருச்சு."

மேடம் கையை எடுத்துவிட்டார். அவர் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஒரே வீடு. ஒரே அப்பா அம்மா. ஒரே நேரத்துல தொண்டைப்புண். ஒருத்திக்குப் போச்சு, ஒருத்திக்கு நெஞ்சுல இறங்குச்சு. முனீஸ்வரி, இப்படி ரெண்டு பேரைத்தான் நாங்க தேடிட்டிருக்கோம். ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தா, லிஸ்ட்ல நிக்கிறதுல எது உன்கிட்ட இருக்கு, எது அவகிட்ட இல்லன்னு தெரியும். ஒரே ஒரு ஜோடியை வச்சு முடிவு சொல்ல முடியாது. ஆனா நிறைய ஜோடி சேர்ந்தா சொல்லலாம். நீங்க ரெண்டு பேரும் எங்களுக்கு வேணும்."

ரெண்டு பேரும், பக்கத்துப் பக்கத்தில். அவர் அந்த வார்த்தைகளைச் சாதாரணமாகச் சொன்னார். நான் மனதுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன். அது எனக்கும்தான் வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் போனை என்னிடம் கொடுத்து, "அந்த மேடத்துக்குக் கேஸ் கம்பெனி நம்பர அனுப்பி வையி. எனக்கு அனுப்பத் தெரியாது," என்றாள்.

"எங்கிட்டயாச்சும் ஏம்மா சொல்லல?"

"நீ அழுதா மூச்சு முட்டும். ராத்திரியெல்லாம் உக்காந்திருப்ப. பாத்தவ நான்தான."

ஜூலை 26, சனி

அக்கா திருப்பூரில் இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அங்கிருந்து மதுரைக்கு வந்தால் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பினால் மத்தியானம். பாவாடை தாவணி எதையும் அவள் எடுத்துப் போகவில்லை. மஞ்சள் சுடிதார் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துத் துவைத்து மடித்தேன். பாச்சை உருண்டை வாசம் போகவில்லை, மறுபடி துவைத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

மேடம் போன் செய்தார். அக்காவிடம் பேசிவிட்டாராம். அக்கா ரத்தம் கொடுக்கச் சம்மதம். ஆனால் வர வேண்டியதில்லை. திருப்பூரிலேயே ஒரு லேபில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். எக்கோவும் அங்கேயே எடுப்பார்கள். "அவளுக்கும் கஷ்டம் இல்ல, உங்களுக்கும் கஷ்டம் இல்ல," என்றார் மேடம், சந்தோஷமாக.

"ரெண்டு பேரு ரத்தமும் பக்கத்துல பக்கத்துலயா மேடம் இருக்கும்?"

"அதே. ஒரே தட்டுல. உன் நம்பருக்கு அடுத்த நம்பர் அவளுக்கு."

கொடுத்து வைத்த ரத்தம்.

மஞ்சள் சுடிதாரைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா தேங்காய்ச் சாதம் செய்தாள். தறிகளுக்கு லீவு. அப்பா நாள் முழுதும் தறியைக் கழற்றி எண்ணெய் போட்டார். அந்த வேலையை முன்பு ரூபன் அண்ணன்தான் செய்வார். ஒரு போல்ட் திரும்பப் பூட்ட முடியவில்லை. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த மேடம் திரும்ப வருவாகளா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலப்பா."

"தெரிஞ்சா சொல்லு."

ஆகஸ்ட் 6, புதன்

மேடம் வந்தார். இந்த முறை அப்பா இரண்டு தறியையும் நிறுத்தினார்.

மேடம் பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்து வைத்தார். "சார், தப்பு என்னோடது. நான் மொழி தெரியாம எழுதிட்டேன். ஆனா உங்க குடும்பத்தைப் பத்தி நான் திருத்தணும்னா உங்க வாயால சொல்லணும். அதான் முறை."

அப்பா நூல் கண்டு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூத்த மகள் உயிரோட இருக்காங்களா?"

தெருவில் மற்ற வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதையும் தாண்டிக் கேட்கிற மாதிரி அப்பா சொன்னார்.

"இருக்கா."

மேடம் புதிய தாளில் வட்டம் போட்டார். கோடு போடவில்லை.

"வயசு?"

"இருபத்தொண்ணு."

"எங்க இருக்காங்க?"

நானும் அம்மாவும் அப்பாவையே பார்த்தோம். அம்மா சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"திருப்பூரு. பெருமாநல்லூர் ரோட்டுல."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"குழந்தைங்க உண்டா சார்?" மேடத்துக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் கேட்டார்.

"ஒரு பையன். ஏழு மாசம்."

"பேரு?"

"பேரு தெரியாது."

அக்காவுக்கு ஒரு பையன் இருக்கிறான் என்று எனக்கு இப்படித்தான் தெரிந்தது. நான் சித்தி. ஏழு மாதமாக. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது. இத்தனை சின்ன வீட்டில்.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று அம்மா கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"நூல் லாரிக்காரன்."

"எப்ப?"

"பொங்கல் கழிச்சு." அப்பா மேடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அந்தப் பயலுக்கும் இது வருமா?"

மேடம் பேனாவை மூடினார். "தெரியாது சார். எங்க ஆராய்ச்சி ஒரு ஆளுக்கு வரும், வராதுன்னு சொல்லாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்து, இந்த மரபணு உள்ளவங்களுக்குக் கொஞ்சம் அதிகம் வாய்ப்புன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கும் வருஷங்கள் ஆகும். ஆனா ஒண்ணு சொல்லலாம். வீட்டுல ஒருத்திக்கு வந்திருக்கு. அவன் கொஞ்சம் வளர்ந்து, தொண்டை வலின்னோ காய்ச்சல்னோ சொன்னா உப்புத் தண்ணியோட விட்டுடக் கூடாது. உடனே டாக்டர்கிட்டக் காட்டி, கொடுக்கற மருந்தை முழுசா முடிக்கணும். அது போதும்."

அப்பா நூல் கண்டை உருட்டுவதை நிறுத்தினார். "எங்களுக்கு யாரும் சொல்லல," என்றார். பிறகு, "அத அவகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார்.

மேடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேசினேன்.

அம்மா போனைக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள். அப்பா தறிக்குப் பக்கத்தில் இருந்தார். தறி ஓடவில்லை, கரண்ட் இருந்தது.

"அம்மா, சொல்லும்மா," என்றது அந்தக் குரல். அவசரமாக, பின்னால் குக்கர் சத்தத்தோடு.

"அம்மா இல்ல. நான்."

குக்கர் மட்டும் கேட்டது.

"முனீசா?"

"ம்."

"ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?"

"படி ஏறி வந்தேன்."

"நம்ம வீட்டுல ஏதுடி படி?"

மேடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். தொண்டை வலி, காய்ச்சல், உப்புத் தண்ணீர் மட்டும் போதாது, மருந்தை முழுசா முடிக்கணும். பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை நீளமாக நான் எதையும் ஒப்பித்ததில்லை.

"எழுதிக்கிட்டியாக்கா?"

"மனசுல வச்சுக்கிட்டேன்." பிறகு கேட்டாள். "என்னப் பேப்பர்ல கொன்னுட்டாகளாமே? மேடம் சொன்னாக. நெஞ்சடைப்பாம்ல எனக்கு. நான் கெட்டவதான், ஆனா ஆரோக்கியமான கெட்டவடி."

சிரித்தால் எனக்கு இருமல் வரும். வந்தது. இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பலூனு என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை. திங்கக்கிழமையே சேரணும்."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"இருக்குன்னு சொல்லு."

"இருக்கு."

"அப்பா என்னக் கூப்பிடச் சொன்னாராடி?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக யோசித்து வைத்த பொய்தான். அப்பா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தறியின் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே.

"கூப்பிடச் சொல்லல," என்றேன். "அந்தப் பயலுக்கு வருமான்னு மேடத்துகிட்டக் கேட்டாரு."

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. முதல் தடவையாக அவன் குரல். "பாப்போம்டி," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

போனைக் கொடுக்கப் போனேன். அப்பா திரும்பாமல், "என்ன சொன்னா?" என்றார்.

"பாப்போம்னா."

"ம்," என்றார் அப்பா. தறியைப் போட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இது மதுரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுவது. பெண்கள் வார்டு இரண்டாவது மாடி. லிப்ட்டில் கொண்டுவந்தார்கள். எனக்கு இடது பக்கம் ஒரு டீச்சர், வலது பக்கம் கட்டில் காலி. நாளைக் காலை முதல் ஆள் நான்தான் என்றார் நர்ஸ். மேடம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்காவின் ரத்தம் போன வாரமே வந்துவிட்டதாம். நல்லபடியாக வந்ததா, வழியில் கெடவில்லையா என்று கேட்டேன். கெடவில்லையாம்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்பா கீழே. ஆண்களை நாலு மணிக்குத்தான் விடுவார்கள். நாலு மணிக்குப் பார்வையாளர் எல்லாரும் வந்தார்கள். டீச்சருக்கு ஹார்லிக்ஸ், ஆப்பிள், இரண்டு மருமகள்கள். அப்பா வரவில்லை. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீ குடிக்கப் போயிருப்பாரு," என்றாள். நானும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவுக்காக அல்ல.

நாலரை இருக்கும். கதவில் ஒருத்தி நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். புடவையின் ஒரு தோளில் பால் கறை. என்னைத் தாண்டிப் பார்வை போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. நான் அத்தனை மாறியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

அம்மா எழுந்துவிட்டாள். அக்கா வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை சும்மா இருந்தது.

"புள்ள எங்கடி?" என்றாள் அம்மா. அவள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"கீழ. சின்னப் புள்ளைகள உள்ள விட மாட்டேன்னுட்டான் வாட்ச்மேன்."

"யாருகிட்ட விட்டுட்டு வந்த?"

"அப்பா அங்கதான் உக்காந்திருந்தாரு."

"குடுத்தியா?"

"நான் குடுக்கல. வாட்ச்மேன்கிட்ட வாக்குவாதம் பண்ணிட்டிருந்தேன். பின்னாலருந்து வந்து கைய நீட்டுனாரு."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"பேரு என்னன்னு கேட்டாரு."

அம்மா செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். அக்கா ஸ்டூலில் உட்காரவில்லை. என் கழுத்துக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் கோணியது.

நான் ஓரமாக நகர்ந்து, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டேன்.